ஒத்துழைப்பில் முதலிடம்

மார்ச் 3, வியாழன்

அன்புள்ள பட்டாசுக்கு,

உன்னோடு ஒழுங்காகப் பேசி ஒரு வருடம் ஆகப் போகிறது. போன் செய்தால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுப் பிடிக்கிறார். நீ "ம்", "சரி" என்பதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. அண்ணன் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை என்று புரிகிறது. அதனால்தான் இந்தக் குறுக்கு வழி. உன் நாற்காலியில் மாட்டியிருக்கும் இயந்திரக் கையைச் சரிபார்க்க வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் டெக்னீஷியன் மீசை வருகிறானே, அவன் கொண்டுவரும் குறிப்புத் தாள்களுக்கு நடுவே இதைச் செருகிவிட்டேன். நீயும் இனி எழுத்துப் பயிற்சி என்று "அணில், ஆடு" எழுதி அனுப்பாதே. எனக்கு எழுது. பயிற்சித் தாள் வரும் பையை ஆய்வுக்கூடத்தில் நான்தான் பிரிக்கிறேன், வேறு யார் கையும் படாது.

நல்ல செய்தி ஒன்று. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத பன்னிரண்டு பேருடைய வீட்டில் எங்கள் கையைக் கொடுத்து மூன்று மாதம் சோதித்தோம். அதில் உங்கள் வீடுதான் முதலிடம்! நீ முகவாயால் குச்சியை நகர்த்திக் கையை ஓட்டும்போது, பக்கத்தில் இருப்பவர் அதைப் பிடித்தால் அது உடனே இளகி அவர் இழுக்கும் பக்கம் போகும். யாருக்கும் அடிபடக் கூடாது என்று இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் செய்த ஏற்பாடு அது. அப்படி ஒருவர் பிடித்து வழிகாட்டுவதை "ஒத்துழைப்பு" என்று எண்ணுகிறோம். மற்ற வீடுகளில் நாளுக்கு எட்டு, ஒன்பது. உங்கள் வீட்டில் நாற்பத்தொன்று. அடுத்த மாதம் கருத்தரங்கில் உங்கள் வீட்டு எண்ணிக்கையைத்தான் பெரிய எழுத்தில் போடப் போகிறேன். மாப்பிள்ளையிடம் சொன்னேன், வெட்கப்பட்டுச் சிரித்தார்.

போன வருடம் நீ அவரைப் பற்றிச் சொன்னதை நான் அவரிடமே போய்க் கேட்டது தப்புதான். காலேஜிலிருந்து சிநேகிதன், உனக்கு நானே பார்த்துக் கட்டிவைத்தவன். மறைத்துப் பேச எனக்கு வரவில்லை. "ஒரு வருஷமா சரியா தூங்கலடா, ஒரு நாள் சத்தம் போட்டுட்டேன்" என்று கண் கலங்கினார். அதோடு முடிந்தது என்று விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடேன்.

அண்ணன்

மார்ச் 11, வெள்ளி

அண்ணா,

முதலிடத்துக்கு வாழ்த்து. கோப்பை ஏதாவது கொடுத்தால் இங்கே அனுப்பாதே, அதையும் என் மண்டையில்தான் போடுவான்.

உன் மாப்பிள்ளை வாத்தியார் பள்ளிக்கூடம் போன பிறகு எழுதுகிறேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது, முகவாய் தோல் உரிந்துவிட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் நாற்பத்தொன்று என்ன தெரியுமா? நான் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுவருவேன். இயந்திரக் கையின் மணிக்கட்டை அவன் பிடிப்பான். நீ செய்த கை ஆட்டுக்குட்டி மாதிரி இளகும். அதைப் பின்னுக்கு இழுத்து, ஸ்பூனோடு, அதைப் பிடித்திருக்கும் இரும்பு இடுக்கியோடு, என் முகத்தில் அடிப்பான். மறுபடி இழுப்பான், அடிப்பான். "ஒன் கையாலயே நீ அடி வாங்கிக்கோ. உங்கண்ணன் செஞ்ச கை எவ்ளோ மரியாத தெரிஞ்சது பாத்தியா?" என்பான். காலையில் பத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மீதி. உன் மெஷின் ஒன்றுவிடாமல் எண்ணியிருக்கிறது, அதற்கு ஒரு சபாஷ்.

கல்யாணமான ஐந்து வருடம் அவன் கை ஓங்கியதில்லை. நல்ல குணத்தால் இல்லை. பஸ்ஸில் இடித்தவன் மண்டையை டிபன் பாக்ஸால் பிளந்தவள் நான் என்று அவனுக்குத் தெரியும். லாரி என்னைத் தூக்கிப் போட்டு நான் இந்த நாற்காலிக்கு வந்த மூன்றாவது மாதம் ஆரம்பித்தான். முதலில் தொடையில், வயிற்றில். எனக்கு அங்கே உணர்ச்சி ஏது? வேறு யாரையோ அடிப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சிரித்துவிட்டேன். "வலிக்கலையே வாத்தியாரே" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதன் பிறகு காது, தலைமுடி, கன்னம் என்று வலிக்கிற இடமாகத் தேட ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் பிரம்பைத் தொடாத வாத்தியார் என்று அவனுக்குப் பெயர். பெற்றோர்கள் கைகூப்புகிறார்கள்.

போன வருடம் நீ அவனிடம் "பேசி வைத்த" அன்று சாயங்காலம் என் கடைவாய்ப் பற்கள் இரண்டு போயின. வழுக்கி விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னான். கழுத்துக்குக் கீழே அசையாதவள் எங்கே எழுந்து போய் வழுக்கினாள் என்று அந்த ஆளும் கேட்கவில்லை.

இதைப் பற்றிப் போனில் மூச்சு விடாதே. எனக்கு ஒன்று மட்டும் சொல். இந்தக் கை யாருடையது? என்னுடையது என்றால் நான் சொல்வதை மட்டும் கேட்கும்படி செய். அவன் பிடித்தால் இளகக் கூடாது.

மார்ச் 15, செவ்வாய்

பட்டாசு,

நாலு தடவை படித்தேன். நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவனை எனக்குப் பதினெட்டு வயதிலிருந்து தெரியும். ஒருவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி இரண்டு வருடம் பார்த்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. ஏதோ ஒரு நாள் கை மீறியிருக்கலாம். உனக்கும் சின்ன வயதிலிருந்தே ஒன்றைப் பத்தாகச் சொல்லும் குணம் உண்டு. கோபித்துக்கொள்ளாதே. ஒரு முறை பதிவுகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 17, வியாழன்

மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உன் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஸ்பூனைப் பிடித்து வழிகாட்ட ஒரு கிலோவைத் தூக்கும் பலம் போதும். அதனால் ஆறு கிலோவுக்கு மேல் அழுத்தம் பதிவானால் அது கருவியின் பிழை, எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு அளவைத் தள்ளிவிடு என்று நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன். நானேதான் எழுதினேன். அதை எழுதிய நாள் கூட ஞாபகம் இருக்கிறது, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று அவசரத்தில் எழுதினேன். ஒரு மனிதன் அந்தக் கையை ஆறு கிலோவுக்கு மேல் எதற்கு இழுக்கப் போகிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பதினெட்டு. இருபத்திரண்டு. முப்பத்தொன்று. ஒவ்வொரு தடவையும் கை போய் நிற்கும் இடம் ஒன்றேதான், நாற்காலியின் தலைச்சாய்வுக்கு முன்னால், உன் முகம் இருக்கும் உயரம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை ஏழு நாற்பதிலிருந்து பத்து நிமிடத்துக்குள் பதினான்கு. அன்று அவனுக்குப் பிறந்தநாள். நான் வாழ்த்துச் செய்தி அனுப்பியிருந்தேன். கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். பிறகு வந்து அடுத்த நாளின் எண்களைப் பார்த்தேன்.

கையை மாற்றுவதெல்லாம் இப்போது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் போலீஸ் அதிகாரியோடு வருகிறேன். அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லு, போதும். அன்றைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

அண்ணன்

மார்ச் 25, வெள்ளி

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று என்னை முறைத்தாயே, முதலில் அதற்குப் பதில். அந்தப் போலீஸ் அம்மா "உங்களுக்கு ஏதாச்சும் பிரச்சனையாம்மா?" என்று கேட்டபோது அவன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஒரு கை என் பின்கழுத்தில். பார்ப்பவர்களுக்கு அணைப்பு மாதிரி இருந்திருக்கும். கட்டை விரல் காதுக்குப் பின்னால் ஆறாத புண்ணுக்குள் இருந்தது. முழுதாக உள்ளே. "ஒண்ணுமில்ல மேடம்" என்று நான் சொன்னதும் நீ தலையில் அடித்துக்கொண்டாய். அவனைச் சமையலறைக்கு அனுப்பியிருக்கக் கூடாதா? அவனை ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கக் கூடாதா? முப்பத்தொரு கிலோ என்று கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை.

சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? கோர்ட் எழுதிக் கொடுத்த காப்பாளர் அவன். அந்தக் காகிதத்தைக் காட்டினான், அந்த அம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவன் அனுமதியில்லாமல் என்னை யார் தூக்கிக்கொண்டு போனாலும் அது கடத்தல். நீயாக இருந்தாலும்.

உங்கள் கார் திரும்பியதும் நாற்காலியின் பேட்டரியைக் கழற்றினான். என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சுவர்தான். சுண்ணாம்பு எங்கெல்லாம் பெயர்ந்திருக்கிறது என்று கேள், சொல்கிறேன். புதன்கிழமை பின்னாலிருந்து உள்ளங்கையால் காதில் அறைந்தான், வருவது தெரியாததால் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இடது காதில் இப்போது ஒரே இரைச்சல். மீசை வருவான் என்பதால் நேற்று பேட்டரியை மாட்டி, முகம் கழுவி, தலை சீவிவிட்டான். சீப்பில் ரத்தம் இருந்தது. அதையும் கழுவினான்.

எனக்கு அனுதாபம் வேண்டாம். நீ வாந்தி எடுத்த கதையும் வேண்டாம். எனக்கு அவனை அடிக்க வேண்டும். இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காலையில் கண் விழித்தால் அந்த நினைப்பு, சாப்பிடும்போது அந்த நினைப்பு. திருப்பி அடிக்க முடியாது என்று தெரிந்துதான் அவன் அடிக்கிறான். கையை மாற்று.

மார்ச் 31, வியாழன்

பட்டாசு,

ஆறு நாளாக உனக்கு "முடியாது" என்று எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் எல்லாம் நல்ல காரணங்கள்தான். இந்தக் கை யாரையும் காயப்படுத்தாது என்று பன்னிரண்டு வீட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். ஒரு வீட்டில் குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் ஆடுகிறது. இளகுவது இருப்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது. ஒருவரை அடிப்பதற்காக நான் ஒரு கையைச் செய்து கொடுத்தால் அப்புறம் நான் யார்?

நேற்றைய பதிவில் பத்தொன்பது. கடைசியில் ஒன்று, நாற்பத்து மூன்று கிலோ. இப்போது மணி எத்தனை, நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீசை இந்த வாரம் மாட்டும், கையின் நிரல் இருக்கும் கார்டில் ஒரு மாற்றம் இருக்கிறது. உன் வீட்டுக்கு மட்டும். குச்சியை இடப்பக்கம் மூன்று தடவை தட்டு. அதன் பிறகு கை நீ சொல்வதை மட்டும் கேட்கும், யார் பிடித்தாலும் இளகாது. பிடியின் பலமும் ஏறும். இதை உனக்குக் கொடுப்பது அடிப்பதற்காக இல்லை. உங்கள் வாசற்கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, சாதாரணப் பலத்துக்கு வராது. அவன் பின்கதவு வழியாகத்தானே பள்ளிக்கூடம் போகிறான்? புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தாழ்ப்பாளை இழு, கதவைத் திற, சரிவில் இறங்கித் தெருவுக்கு வந்துவிடு. தெருமுனையில் காரோடு நிற்பேன். நீயாக வெளியே வந்தால் அது கடத்தல் ஆகாது, வக்கீலிடம் கேட்டுவிட்டேன்.

நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் சிவப்பு நிறுத்தப் பொத்தானை மட்டும் நான் தொடவில்லை. அதை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தாழ்ப்பாளுக்கு மட்டும். எனக்காக.

அண்ணன்

ஏப்ரல் 12, செவ்வாய்

(இதை எழுதுவது மூன்றாம் வார்டு நர்ஸ். இவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். உதட்டில் ஏழு தையல், மெதுவாகத்தான் பேச முடிகிறது. ஒரு வார்த்தை கூட மாற்றக் கூடாது என்று உத்தரவு.)

அண்ணா,

ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை வந்தாய், உன்னை உள்ளே விட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஏன் என்று கேள்.

பத்தே காலுக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது. கதவு திறந்தது. வெயில் மூஞ்சியில் அடித்தது. தெருமுனையில் உன் வெள்ளைக் கார் தெரிந்தது. அப்போதுதான் பின்கதவுச் சத்தம். வாத்தியார் விடைத்தாள் கட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்போதும் நான் சரிவில் இறங்கியிருக்கலாம். அவன் கூடத்துக்கு வருவதற்குள் நான் தெருவில் இருந்திருப்பேன். நான் நாற்காலியைத் திருப்பினேன். இதை நீ நன்றாகத் தெரிந்துகொள். யாரும் திருப்பவில்லை, நான் திருப்பினேன்.

"எங்கடி கெளம்பிட்ட?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். வழக்கம் போலக் கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். கை வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தான். பூட்டின வீட்டுக் கதவைத் தள்ளுகிறவன் முகம் மாதிரி இருந்தது அவன் முகம். நான் குச்சியைத் திருப்பி இடுக்கியை அவன் வலது கை மேல் கொண்டுபோய் மூடினேன். முதலில் சிரித்தான். நான் இன்னும் அழுத்தினேன். நாலு விரலும் உள்ளே இருந்தன. சுள்ளியை மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. அவன் இடது கையால் என் முகத்தில் குத்த ஆரம்பித்தான். கன்ன எலும்பு அப்போதுதான் உடைந்தது. உதடு கிழிந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. நாற்காலியை எட்டி உதைத்தான், அது சுவரில் போய் முட்டியது, அவனும் கூடவே இழுபட்டு வந்தான். நான் முகவாயை எடுக்கவில்லை. இந்தத் தடவை இரண்டு பேரும் அடித்தோம்.

பிறகு அவன் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். "விட்டுடு. விட்டுடும்மா, தப்புதான்" என்றான். ஏழு வருடத்தில் முதல் தடவையாக "ம்மா" என்றான். முகவாயைக் கொஞ்சம் தூக்கினால் போதும், இடுக்கி திறந்திருக்கும். தூக்கவில்லை. இன்னும் கீழே அழுத்தினேன். அவன் கத்தினான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ ஓடி வந்தாய். என் முகத்தில் ரத்தம், அவன் கை என் இடுக்கிக்குள். நீ நேராக என் பின்னால் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாய். சரி, அதைக்கூட மறக்கப் பார்க்கிறேன். ஆனால் இன்ஸ்பெக்டர் வந்ததும் சொன்னாயே, "மெஷின் கோளாறு சார்" என்று. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் அதையேதான் சொல்கிறானாம்! பொண்டாட்டி கையை உடைத்தாள் என்று சொல்ல வெட்கம். மூன்று பேரும் சேர்ந்து என்னை மறுபடி ஒரு மூட்டை ஆக்கிவிட்டீர்கள்.

யோசித்துப் பார். கோளாறு என்றால் கையைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். கோளாறு என்றால் இந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. என் முகத்தையும் மெஷின் கணக்கில் எழுதிவிடுவான். ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்துக் காப்பாளர் வந்து கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். கையும் இருக்காது. நான் செய்தேன் என்று எழுதினால்தான் ஏன் செய்தாள் என்று ஒருத்தராவது கேட்டாக வேண்டும்.

ஜெயிலில் போட்டால் போடட்டும். அங்கேயாவது கதவை வேறு யாரோ பூட்டுவார்கள். நீ போய் உண்மையைச் சொல். அதுவரை உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

(இத்தோடு முடித்துவிட்டார். அழுகிறாரா என்று கேட்டேன், தையல் இழுக்கிறது என்றார். – நர்ஸ்)

ஏப்ரல் 14, வியாழன்

பட்டாசு,

அவனுக்காக நான் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. உள்ளே வந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ரத்தத்தைவிட வேறு ஒன்று இருந்தது. எனக்கு உன்னைப் பார்த்துப் பயம் வந்தது. நீ கொன்றுவிடுவாய் என்று நினைத்தேன். கோளாறு என்று சொன்னதும் அந்தப் பயத்தில்தான். என் தங்கை அதைச் செய்யவில்லை, நான் செய்த இரும்பு செய்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆய்வுக்கூட இயக்குநர் கூப்பிட்டு, "கோளாறுன்னே எழுதிடுங்க சார், எல்லாருக்கும் நல்லது" என்றார். நேற்று மூன்று பக்கம் எழுதிப் போலீஸிலும் அவரிடமும் கொடுத்துவிட்டேன். கை நன்றாக வேலை செய்தது, ஓட்டியவர் என் தங்கை, நிரலை மாற்றியவன் நான். கூடவே மூன்று மாதப் பதிவும், தேதி வாரியாக, கிலோ வாரியாக. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் செய்தேன். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மற்ற பதினொரு வீட்டின் பதிவையும் பார்த்தேன். இரண்டு வீடுகளில் உன் வீட்டு எண்கள் மாதிரியே இருக்கின்றன. ஒன்றில் படுத்திருப்பவருக்கு எழுபது வயது, பார்த்துக்கொள்வது மகள். அவற்றையும் போலீஸில் கொடுத்தேன். அந்த வீடுகளையும் நான் மேடையில் பாராட்டிப் பேசியிருக்கிறேன்.

காப்பாளர் பொறுப்பை என் பெயருக்கு மாற்றச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன். இனி உனக்கு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எதற்கும் கவலைப்படாதே.

அண்ணன்

மே 20, வெள்ளி

அண்ணா,

நேற்று கோர்ட்டில் நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய், கூட்டத்தில் உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். வெளியே வந்ததும் பேசாமல் போய்விட்டாய். கோபம் என்று தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன், நர்ஸ் எழுதுகிறார்.

நீதிபதி என்னைப் பார்த்து, "அந்தக் கையை அப்படிச் செய்ய வெச்சது யாரும்மா?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றேன். "தெரிஞ்சேவா?" "தெரிஞ்சே." குமாஸ்தா எழுதினார். அவன் வக்கீல் குதித்தெழுந்து, ஆம்பளை கையை உடைக்கிற பெண்ணுக்குப் பாதுகாப்பு எதற்கு என்றார். என் மேல் வழக்கு நடக்கும். நடக்கட்டும். அவன் மேலும் நடக்கிறது, உன் எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். பிப்ரவரி ஒன்பது வந்தபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. டாக்டர் அவனுக்கு இரண்டு விரல் இனி மடங்காது என்றபோதும் தோன்றவில்லை.

பிறகு உன் மனு. அவனை நீக்கி உன்னைக் காப்பாளராக்குவதாக நீதிபதி சொன்னதும் நீ எழுந்து நின்று கும்பிட்டாய். நான் வேண்டாம் என்றேன். உன் முகம் விழுந்ததைப் பார்த்தேன், வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அண்ணா, நீ நல்லவன் என்பதற்காக உன்னிடம் என்னை எழுதிக் கொடுக்க முடியாது. அவனையும் நீ நல்லவன் என்றுதான் சொன்னாய். எனக்குப் புத்தி நன்றாக இருக்கிறது, பேச வருகிறது, யாரை அடித்தேன் என்று ஞாபகம் இருக்கிறது. எனக்குக் காப்பாளர் வேண்டாம் என்றேன். நீதிபதி டாக்டரின் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அப்படியானால் என் பொறுப்பை நானே ஏற்பதாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

குமாஸ்தா மைப்பெட்டியோடு வந்து என் மடியில் கிடந்த கட்டை விரலைத் தூக்கினார். அது அவர் கையில் தொளதொளவென்று கிடந்தது. "அந்தக் கை இல்ல சார்" என்றேன். "என் கையக் கொண்டு வாங்க."

சாட்சிப் பொருள் மேஜையிலிருந்து கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் உறை, அதில் ஒரு எண், அரக்கு முத்திரை. நீதிபதி அனுமதி கொடுத்ததும் மீசை உறையைப் பிரித்து நாற்காலியில் மாட்டினான். இடுக்கியின் ரப்பரில் வாத்தியாரின் ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது, யாரும் துடைக்கவில்லை. மேஜையில் பேனா இருந்தது. அவன் மேஜைக்கு அந்தப் பக்கம், ஆறடி தள்ளி, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் முகவாயைக் குச்சியில் வைத்துக் கையை நீட்டினேன்.

பேனாவை எடுக்கத்தான் நீட்டினேன். அவனை நான் பார்க்கக்கூட இல்லை. அவன் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். எழுந்து, பின்னால் போய், சுவரில் முதுகு முட்டி நின்றுகொண்டிருந்தான். கோர்ட்டில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் என் கையை மட்டும்தான் பார்த்தான்.

கையெழுத்துப் போட எட்டு நிமிடம் ஆனது. நான் அவசரப்படவே இல்லை.